தட்டி எடுப்பதா, வெட்டி மாற்றுவதா?

பெரம்பலூர் பக்கமிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதமும் எட்டுப் படங்களும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கார் சிறிய ஹேட்ச்பேக். வாங்கி மூன்று வருஷம் ஏழு மாதம் ஆகிறது. சுங்கச்சாவடி வரிசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த மினி லாரி இடது பின் மூலையில் இடித்துவிட்டது. அவருக்கும் மகளுக்கும் காயமில்லை. லாரி ஓட்டுநர் கும்பிட்டு 5,000 ரூபாய் கொடுக்க, இவரும் வாங்கிக்கொண்டு லாரி எண்ணை மட்டும் படமெடுத்துவிட்டு வந்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் 1,46,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். இடது குவார்ட்டர் பேனலை, அதாவது பின்கதவுக்கும் டிக்கிக்கும் நடுவே பின்சக்கரத்தைச் சுற்றி வரும் தகட்டை, வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டும் என்றார்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து, அந்தத் தகட்டுக்கு ‘ரிப்பேர்’ என்று மட்டும் எழுதி, மொத்தம் 73,500 ரூபாய் வேலைக்குத்தான் ஒப்புக்கொண்டார். “பாதிக்குப் பாதி வெட்டிவிட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வேறெப்படி எழுதுவார்?” என்கிறார் ஆசிரியை. போன வருஷம் பிரீமியம் குறையட்டுமே என்று ‘பம்பர் டு பம்பர்’ கவரை (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் கவர்) விட்டுவிட்ட வருத்தம் வேறு.

உள்ளூர் டிங்கர் ஒருவர் எல்லாவற்றையும் 38,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கைக்காசு போட்டால் 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) தப்புமே என்பது கணவரின் யோசனை. தம்பியோ, வண்டியைச் சரிசெய்யாமல் அதன் முழுக் காப்பீட்டு மதிப்பையும் வாங்கச் சொல்லி, “டோட்டல் லாஸ் கேள் அக்கா” என்கிறார். முன்கதவில் போன பொங்கல் சமயம் பைக் ஹேண்டில் பட்டு விழுந்த நசுங்கலையும் கீறலையும் இந்தக் கிளெய்மிலேயே சேர்க்கலாமா என்றும் கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “டிக்கி கதவு கொஞ்சம் உரசுகிறது, மழை பெய்தால் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் ஈரம். ரப்பர் பிரச்னை என்கிறார்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் என் கவலையெல்லாம் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீங்கள் அனுப்பிய ஆறாவது படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். டிக்கியின் தரைவிரிப்பை (மேட்) தூக்கிவிட்டு எடுத்த படம். ஸ்டெப்னி பள்ளத்தின் இடது ஓரத்தில் தகடு லேசாக மடிந்து, துணியில் விழுந்த சுருக்கம் மாதிரி தெரிகிறது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் கம்பெனியில் பூசிய சீலர் பசை, வெயிலில் காய்ந்த குளத்து மண்போல வெடித்திருக்கிறது. உங்கள் மழைத்தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். எத்தனை ரப்பர் மாற்றினாலும் அது நிற்காது.

நான் மோட்டார் சர்வேயராக உரிமம் பெற்று வேலை பார்ப்பவன். உங்கள் காரைப் பார்த்த சர்வேயரும் நானும் ஒரே தொழில். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். எங்களுக்கு உரிமம் தருவது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம் கம்பெனி கொடுத்தாலும், சேதத்தை இரு பக்கத்துக்கும் பொதுவாக மதிப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் கடமை. உங்கள் விஷயத்தில் அவர் குவார்ட்டர் பேனலைப் பற்றி எழுதியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பார்க்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்குக் காரணமும் புரிகிறது. அவர் வந்தபோது பம்பர் கழற்றப்படவில்லை, டிக்கி மேட் தூக்கப்படவில்லை.

புதுத் தகடு என்றால் நல்ல தகடா?

“மாற்றினால் புதுசு, தட்டினால் பழசு” என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். போல்ட் போட்டு மாட்டுகிற பாகங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். டிக்கி கதவு, பக்கக் கதவு, பானெட், முன்பக்க ஃபெண்டர் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. உங்கள் டிக்கி கதவின் கீழ் மூலை நசுங்கி, உள்சட்டமும் மடங்கியிருக்கிறது. அதை மாற்றுவதுதான் முறை, சர்வேயரும் மாற்றத்தான் எழுதியிருக்கிறார்.

குவார்ட்டர் பேனல் அந்த ஜாதி இல்லை. அது காரின் உடம்போடு உடம்பாக, வரிசையாக ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டது. தொழிற்சாலையில் வெல்டிங் முடிந்ததும் வண்டிக் கூடு முழுவதையும் துருத் தடுப்புப் பூச்சுத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, அடுப்பில் வைத்துச் சுடுவார்கள். கைவிரல் போகாத இடுக்கிலும் அந்தப் பூச்சு ஏறியிருக்கும். பணிமனையில் அந்தத் தகட்டை வெட்டினால், அந்த வெல்டிங் புள்ளிகளைத் துளைத்து எடுத்து, கண்ணாடிப் பக்கமும் கதவுப் படிப் பக்கமும் ரம்பம் போட்டு அறுத்து, புதுத் தகட்டை வைத்து மறுபடி வெல்டிங் அடிக்க வேண்டும். அந்தச் சூட்டில் உள்பக்கப் பூச்சு கருகும். வெளியே எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும், உள்ளே மெழுகுப் பூச்சும் சீலரும் சரியாகப் போடாவிட்டால் துரு உள்ளிருந்து கிளம்பும்.

இப்படி வெட்டி மாற்றிய ஒரு காரை, வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் கழித்து வேறொரு கிளெய்முக்காகப் பார்க்க நேர்ந்தது. பின்சக்கர வளைவில் பெயின்ட் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது புத்தம் புதுத் தகடு.

அதற்காக வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தகடு கிழிந்திருந்தால், விளிம்பு மடிந்து நீண்டுபோயிருந்தால், உள் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் படத்தில் தெரிவது உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒரு குழிவு. சக்கர வளைவின் விளிம்பு நேராக இருக்கிறது, எங்கும் கிழிசல் இல்லை. இதை இழுவைச் சுத்தியல் வைத்து வெளியே இழுத்து, டாலியும் (பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை) சுத்தியலுமாகத் தட்டிச் சமமாக்கலாம். மிச்சமிருக்கும் மேடு பள்ளத்துக்கு மட்டும் மெல்லிய பட்டி பூசுவார்கள். பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் தகட்டைச் சரியாக எடுக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பட்டி நாளடைவில் வெடித்து உதிரும். டெலிவரி எடுக்கும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். வலது பக்கத் தகட்டிலும் இடது பக்கத் தகட்டிலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால், உள்ளே பட்டி கனமாக இருக்கிறது.

பம்பரையும் லைட்டையும் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. பம்பர் பிளாஸ்டிக், நடுவில் கோடாகக் கீறல் விட்டிருந்தால் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து ஒட்டலாம், நன்றாகவே நிற்கும். உங்களுடையதில் மாட்டுகிற காதுகள் இரண்டும் உடைந்து போயின, ரிவர்ஸ் சென்சார் துளை ஓரமும் பிளந்திருக்கிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் அந்த சென்சார் கட்டாயம். ஒட்டுப்போட்ட துளையில் அது கோணலாக உட்கார்ந்தால் தப்பான இடத்தில் கத்தும், அல்லது கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும். மாற்றிவிடுங்கள். டெயில் லேம்ப்பில் மயிரிழை விரிசல்தானே என்று விட்டால் ஆவி படிந்து உள்ளே கறுத்துப்போகும், அதையும் மாற்றுவதே சரி.

எலும்பில் பட்ட அடி

இனி டிக்கி தரைக்கு வருவோம். காரின் வெளித் தகடு தோல் மாதிரி. அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களும், தரைத் தகடும், தூண்களும்தான் எலும்பு. பின்னாலிருந்து வரும் அடியை வாங்கி மடிவதற்கென்றே பின்சட்டத்தின் முனை செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வண்டியில் தரைத் தகடு மடிந்து, சீலர் வெடித்து, டிக்கி கதவும் ஒரு பக்கம் உரசுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கதவு மாட்டும் வாய் கோணியிருக்கிறது என்றும், இடது பின்சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. படத்தைப் பார்த்து இதற்கு மேல் அடித்துச் சொல்லக்கூடாது. பிரித்து அளந்தால்தான் உறுதி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிக்கியைத் திறந்து வையுங்கள். தையல்காரர் டேப்பை எடுத்து, திறப்பின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு அளந்து எழுதுங்கள். பிறகு வலது மேலிருந்து இடது கீழுக்கு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஏழெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், புதுக் கதவு வாங்கி மாட்டினாலும் அது பொருந்தாது. அப்போது பணிமனையில் கீலைத் தளர்த்தி, கதவை ஒரு பக்கம் தள்ளி மாட்டி, “சரியாகிவிட்டது” என்பார்கள். உரசல் நிற்கும், கோணல் அப்படியே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பின்பக்கம் இடைவெளி இருக்கும் காரில் ஓடும்போது புகைக்குழாயின் புகை உள்ளே இழுக்கப்படலாம். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாசனை கிடையாது. பின்சீட்டில் உட்காருவது உங்கள் மகள். இன்னொன்று, ஒருமுறை மடிந்து பாதி பலம் போன சட்டம் அடுத்த மோதலில் அடியை அதே மாதிரி தாங்காது.

இதற்கான வேலை, வண்டியை இரும்பு பெஞ்சில் கவ்விப் பிடித்து, ஹைட்ராலிக் சங்கிலியால் மோதல் வந்த திசைக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது. கார் கம்பெனி தந்திருக்கும் அளவு வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட்டுக்கொண்டே இழுக்க வேண்டும். உங்கள் உள்ளூர் டிங்கர் கைத்தேர்ந்தவராக இருக்கலாம். வெளித்தகட்டைத் தட்டி எடுப்பதில் பெரிய பணிமனைகளை மிஞ்சும் கைகளை நான் சின்ன ஊர்களில் பார்த்திருக்கிறேன், அந்தக் கைகளுக்கு உரிய மரியாதை உண்டு. ஆனால் அவரிடம் அந்த பெஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் கேஸ் வைத்துச் சட்டத்தைச் சூடேற்றி அடித்து நிமிர்த்துவார்கள். இந்தக் காலத்துக் கார்களின் சட்டங்கள் உயர்வலு எஃகு. சூடு பட்டால் அந்த வலு போய்விடும். அவர் சொன்ன 38,000 ரூபாயில் இந்த வேலை இல்லவே இல்லை என்பது என் கணிப்பு.

38,000-ஆ, கிளெய்மா?

பணக் கணக்கை இப்போது போடலாம். ‘பம்பர் டு பம்பர்’ இல்லாத பாலிசியில் தேய்மானம் இப்படிக் கழியும்: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம், மூன்று முதல் நான்கு வருஷம் வரை ஆன காரின் இரும்புப் பாகங்களுக்கு 25 சதவீதம், கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பெயின்டிங் கூலியும் பொருளும் ஒன்றாகப் போட்ட பில்லில் கால் பங்கைப் பொருளாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். தட்டும் கூலிக்கு, இழுக்கும் கூலிக்குத் தேய்மானமே கிடையாது.

நீங்கள் அனுப்பிய சர்வேயர் பட்டியலின்படி பம்பர் 6,000 ரூபாயில் உங்கள் பங்கு 3,000. டெயில் லேம்ப் 4,500-ல் 2,250. டிக்கி கதவு 16,000-ல் 4,000. பின் பேனல் 5,000-ல் 1,250. பெயின்டிங் 20,000-ல் 2,500. டிங்கரிங் கூலி 22,000 முழுவதும் கம்பெனி. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கூட்டினால் 73,500-ல் உங்கள் கையிலிருந்து போவது 14,000 ரூபாய். அதோடு சில்லறைப் பொருட்களுக்குச் சில நூறு சேரலாம்.

போனஸை இழப்பதும் செலவுதான். அது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும்தான், மூன்றாம் நபர் பிரீமியத்துக்குக் கிடையாது. உங்கள் பாலிசியில் அந்தச் சொந்தச் சேதப் பகுதி, போனஸ் கழிக்குமுன் 7,000 ரூபாய். கிளெய்ம் போடாவிட்டால் வரும் ஐந்து வருஷம் 45, 50, 50, 50, 50 சதவீதம் கழியும். போட்டால் 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். பிரீமியம் இதே அளவில் நின்றால் ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 8,400 ரூபாய். 14,000-ஐயும் 8,400-ஐயும் சேர்த்தாலும் 22,400. இதற்கெதிரே டிங்கர் கேட்பது 38,000, அதுவும் எலும்பைத் தொடாமல். கிளெய்ம் போடுங்கள். சேதம் பத்தாயிரத்துக்குள் இருந்திருந்தால் உங்கள் கணவர் சொன்னதே சரியாக இருந்திருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிக்கி தரையை இழுத்துச் சரிசெய்வது பெரும்பாலும் கூலி வேலை. அதற்குக் கூடுதலாக ஒப்புதல் கிடைத்தால் அந்தத் தொகையில் தேய்மானம் கழியாது. குவார்ட்டர் பேனலைப் புதிதாகப் போட்டிருந்தாலோ, தகட்டின் விலையில் கால் பங்கு உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

டோட்டல் லாஸ் பற்றித் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. உங்கள் மதிப்பு 4,20,000. அதாவது 3,15,000 தாண்ட வேண்டும். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டே அதில் பாதிக்குக் கீழ்.

பொங்கல் நசுங்கலும் லாரிக்காரர் பணமும்

முன்கதவு நசுங்கலைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அது வேறு நாள், வேறு சம்பவம். நசுங்கலின் மடிப்பில் படிந்த தூசியும் பெயின்ட் ஓரத்தின் நிறமும் அது பழையது என்று எங்களுக்குப் பார்த்தவுடன் சொல்லிவிடும். பொய் விவரம் கொடுத்ததாக ஆகிவிட்டால், நியாயமான மொத்தக் கிளெய்மும் சிக்கலில் மாட்டும். அந்த நசுங்கலுக்குப் பெயின்ட் அடிக்கவும் தேவையில்லை. பெயின்ட் வெடிக்காமல், கதவின் விளிம்பில் இல்லாமல் இருப்பதால், உள்பக்கமிருந்து வளைந்த கம்பி விட்டு மெல்ல மெல்லத் தள்ளி எடுக்கும் முறை இதற்குப் பொருந்தும். திருச்சி, கோவை, சென்னை போன்ற ஊர்களில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கம்பெனிப் பெயின்ட் கெடாமல் இருக்கும். எந்தப் பணிமனை பெயின்டும் அதற்கு ஈடாகாது.

அதே கதவில் இருக்கும் கீறலை நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் மேல் பூச்சில் மட்டும் பட்டிருக்கிறது, பாலிஷில் போய்விடும். நகம் தடுக்கினால் நிறப் பூச்சு வரை போயிருக்கும். இரும்பு தெரிந்தால் இந்த வாரமே டச்சப் செய்யுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும்.

லாரி ஓட்டுநர் தந்த 5,000 ரூபாயை மறைக்காமல் கிளெய்ம் படிவத்திலோ கடிதத்திலோ எழுதிவிடுங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான், தப்பாக நினைக்க மாட்டார்கள். லாரி எண் படத்தையும் கொடுங்கள். உங்களுக்குக் கொடுத்த தொகையை லாரியின் காப்பீட்டிலிருந்து மீட்கும் உரிமை உங்கள் கம்பெனிக்கு உண்டு. நீங்களே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. உங்கள் பங்கான 14,000 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் அலைவதை நான் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பணிமனையிடம் பம்பரையும் டிக்கி தரைவிரிப்பையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு, வேலை ஆரம்பிக்கும் முன், சர்வேயர் மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தரைத் தகடு மடிப்பு, சீலர் வெடிப்பு, மூலைக்கு மூலை அளவு, மூன்றையும் அதில் எழுதி ஆறாவது படத்தை இணையுங்கள். பிரித்த பிறகு தெரியவரும் சேதத்துக்குக் கூடுதல் எஸ்டிமேட் போடுவது எங்கள் தொழிலில் அன்றாட நடைமுறை. நீங்கள் கேட்காமல் வேலை முடிந்துவிட்டால் பிறகு யாரும் ஏற்க மாட்டார்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும்.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும். உங்கள் விஷயம் அதுவரை போகாது என்றே எனக்குப் படுகிறது.

டெலிவரி அன்று பகல் வெளிச்சத்தில் போங்கள். ‘முழுத் திருப்தி’ என்று கையெழுத்துப் போடும் தாளைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். டிக்கியை மூடி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மகளை உள்ளே உட்காரவைத்து, கையில் டார்ச் கொடுத்து, பணிமனைத் தண்ணீர்க் குழாயைப் பத்து நிமிஷம் டிக்கியின் மேல் விடச் சொல்லுங்கள். ஸ்டெப்னி பள்ளம் காய்ந்திருக்க வேண்டும். பெஞ்சில் இழுத்த பிறகு எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். “அதெல்லாம் கஸ்டமருக்குத் தருவதில்லை” என்றால் செல்போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அதை எனக்கு அனுப்பினால், எந்தப் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடலாம்.